பொத்தான் கடைத் தெருவின் போன வருஷம்

பொத்தான் கடைத் தெருவுக்குள் எதிர்த்திசையில் நுழைந்தால் போன வருஷத்துக்குப் போய்விடலாம். ஆனால் அது ஒருவழித் தெரு என்பதால் அப்படி நுழைந்த மற்றவர்களுக்கு அபராதம்தான் கிடைத்தது. சாலை கூட்டும் லாரிக்கு மட்டும் சட்டம் விலக்கு தந்திருந்தது. லாரியின் வட்டத் துடைப்பம் ஒரே பக்கத்தில் இருந்ததால், தெருவின் மறு ஓரத்தைக் கூட்ட எதிரே வந்துதான் தீரவேண்டும். அந்த விலக்கும் மஞ்சள் விளக்கு எரிந்து, துடைப்பம் சுழன்று, வேலை நடக்கிற வரைக்கும்தான். துடைப்பம் நின்றால் அது வெறும் லாரி. போன வருஷமும் அந்த நொடியே கலைந்துவிடும்.

இதை முதலில் தெரிந்துகொண்டவர் அந்த லாரியை ஓட்டியவர். நிதானமாக ஓட்டுவதால் டிப்போவில் அவருக்கு ஆமை என்று பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார். அவர் மனைவி பொத்தான் கடையில் வேலை பார்த்தவள். ஒரு மழைக்காலத்துக் காலையில் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அவர் அப்போது ஊரின் மறுகோடியில் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தின் இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. ஓடிவந்து ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்ட மகள் பிற்பாடு சொன்னாள்: "பாதித் தெருவுல எதிர்ல ஒரு கூட்டுற லாரி வந்து நின்னுடுச்சுப்பா. சைரன் அலறுது, அந்த ஆளு நகரவே மாட்டேங்கிறான். நாங்கதான் ரிவர்ஸ் எடுத்து வேற வழியா சுத்திப் போனோம்." ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் உயிர் போயிருந்தது. அன்றைக்கு அந்தத் தெருவுக்கு லாரியே அனுப்பவில்லை என்று மேஸ்திரி அடித்துச் சொன்னார். யாரென்றே தெரியாத அந்த ஓட்டுநரை ஆமை தினமும் சபித்தார்.

சில மாதம் கழித்து அந்தத் தெருவைத் தனக்கே தரும்படி மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் நடந்த இடத்தையாவது கூட்டலாம் என்ற எண்ணம், வேறொன்றுமில்லை. முதல் நாள் எதிர்த்திசையில் திரும்பியதும், வெட்டிப்போட்ட வாதுமை மரம் இலையோடு நின்றது. மூடிவிட்ட செருப்புக் கடை திறந்திருந்தது. பொத்தான் கடைப் படியில் அவள் நின்று கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆமை கதவைத் திறந்துகொண்டு குதித்தார். ஓட்டுநர் எழுந்தால் துடைப்பம் தானாக நின்றுவிடுகிற வண்டி அது. அவர் கால் தரையில் பட்டபோது படியில் வேறொரு பெண் நின்று என்ன வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து அவர் இறங்கவில்லை. நாளுக்கு நாள் இந்தப் பக்கம் தேதி நகர்ந்ததைப் போலவே அந்தப் பக்கமும் நகர்ந்தது. அவள் புதுச் செருப்பு வாங்கியதையும், சளி பிடித்துத் தும்மியதையும், சக்களத்தியைத் திட்டுவதுபோல் கதவின் தாழ்ப்பாளைத் திட்டியதையும் அவர் இருக்கையில் அமர்ந்தபடியே மறுபடி பார்த்தார். "டாக்டர்கிட்ட போய் நெஞ்சைக் காட்டு" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் காதருகே கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டிச் சிரித்தாள். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு சாயங்காலம் அவள் கேட்டிருந்தாள்: "காலைல கடை முன்னாடி என்னங்க அப்படிக் கத்துனீங்க? அழுத மாதிரி வேற இருந்துச்சு." அவர் சிரித்துவிட்டு, "நான் அந்தப் பக்கமே வரலையே. யாரையோ பாத்துட்டு புருஷன்னு சொல்ற" என்றிருந்தார். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

லாரியை ஓரமாக நிறுத்தினார். டிப்போ லாரியே அனுப்பாத அன்றைக்கு அந்தத் தெருவில் எதிரே வந்து நின்ற லாரி இதுதான், அதை ஓட்டியது யார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. படியில் அவளைக் காணாததால், பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றிருப்பார். எதிரே வந்த ஆம்புலன்ஸுக்குள் அவள்தான் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஏறியிருக்காது. மேஸ்திரியிடம் போய், இரண்டு வண்டிக்கும் விலக்கு இருந்து எதிரெதிரே நின்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"ஆம்புலன்ஸுக்குத்தான் வழி. ஆனா சட்டமா வந்து வண்டிய நகத்தும்? நம்ம ஆளுதான் மனசு வைக்கணும்" என்றார் மேஸ்திரி.

மழைக்காலம் வந்தது. அந்த நாளுக்கு முந்தைய நாள் அவர் முடிந்த மட்டும் மெதுவாகப் போனார். துடைப்பம் சுத்தமான தரையையே தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் குடையை மடக்கியபடி, போங்க போங்க என்று கையை வீசினாள். மறுநாள் காலையிலும் அவள் படிக்கு வருவாள் என்று அவருக்குத் தெரியும். சீக்கிரம் போய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் வந்துவிடுவேன் என்று அவரால் தன்னை நம்ப முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு, வீட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டு, மதியம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த அரை மணி நேரமாச்சும் கெடச்சுதேப்பா" என்றாள்.

"எந்த அரை மணி நேரம்?"

"ஆஸ்பத்திரில. நீங்க வந்து சேந்தப்புறம்."

லாரி ஒன்று வழிமறித்ததே என்று கேட்டார். எந்த லாரி என்று அவள் விழித்தாள். தெரு காலியாகத்தான் இருந்தது, சர்ரென்று வந்துவிட்டோம் என்றாள். ஆமை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன பண்ணினேன், சொல்லு."

"என்னப்பா இது. நீங்கதான அம்மா கையை விடவே இல்ல. வேலைலேர்ந்து அப்படியே வந்தீங்க, தலையெல்லாம் தூசி. அம்மா போர்வை நுனியால தொடச்சு விட்டாங்க. ஊரையே கூட்டுறீங்க, உங்க தலைய யாரு கூட்டுறதுன்னாங்க. நர்ஸ் கூட சிரிச்சிட்டாங்க."

"நான்?"

"நீங்களுந்தான் சிரிச்சீங்க. சிரிச்சிட்டு இருக்கும்போதே போயிட்டாங்க."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அந்த அரை மணி நேரம் எல்லோருக்கும் கிடைத்திருந்தது, மகளுக்கும், நர்ஸுக்கும், செத்துப்போனவளுக்கும். அவர் ஒருவர் நினைவில் மட்டும் அது இல்லை.

அதன் பிறகும் அவர் அந்தத் தெருவைத்தான் கூட்டினார். எதிர்த்திசையில் போன வருஷம் வழக்கம்போலத் திறந்தது. அங்கேயும் இப்போது அவள் இல்லை. மகள் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த அரை மணி நேரத்தைச் சொல்லச் சொன்னார். மனசு உடைந்தவர் ஏதோ கேட்கிறார் என்று அவளும் சலிக்காமல் சொன்னாள். போர்வை பச்சை நிறம், ஜன்னல் பாதி திறந்திருந்தது, அவர் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் கயிறு கட்டாமல் வந்திருந்தார். எல்லாவற்றையும் அவர் பாடம் மாதிரி கேட்டுக்கொண்டார். பல வருஷம் கழித்து, டிப்போவில் மனைவியை இழந்த ஒரு புது ஓட்டுநர், உங்க வீட்டம்மா போனப்போ நீங்க கூட இருந்தீங்களா என்று கேட்டான்.

"இருந்தேன்ப்பா. கையப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் ஆமை. அது உண்மைதான்.