ஏலத்துக்குப் போகும் வண்டி

திருத்தணி தீயணைப்பு நிலையத்தில் இருந்த இரண்டு பழைய வண்டிகளில் ஒன்றை ஏலத்தில் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதை விற்பது என்று முடிவு செய்ய வேண்டியவள் நிலைய அலுவலர் கவிப்பிரியா.

மூத்த வண்டியை அவளால் சுலபமாகக் கைவிட முடியவில்லை. அவள் பள்ளியில் படித்த காலத்தில் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சிக்கிய அவள் அப்பா வேதாசலத்தை மீட்டவர்கள் அந்த வண்டியில்தான் வந்தார்கள். அன்றைக்கே அவளுக்கு இந்த வேலைமீது ஆசை விழுந்தது.

இரண்டு வண்டிகளிலும் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தாள். மூத்ததன் பம்பு பாதியிலேயே திணறி நின்றது. மனசு கேட்காமல் மறுபடியும் போடச் சொன்னாள். மறுபடியும் நின்றது. அதையே விற்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“நைனா, உன்னக் காப்பாத்துன வண்டியத்தான் விக்கச் சொல்லிட்டேன். கோவமா?”

அவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் மலைக்கோயில் மாலையோடு நிலையத்துக்கே வந்து நின்றார். மாலையை வண்டியின் முகப்பில் போட்டுக் கும்பிட்டார்.

“உள்ள மாட்டிக்கினு இருந்தப்போ இதோட மணிச் சத்தம் கேட்டுதும்மா. அப்பத்தான் பொழச்சிடுவேன்னு தைரியம் வந்துது. இன்னொருத்தன் அப்படிக் காத்துக்கினு இருக்கச்சொல்ல, இது வந்தும் தண்ணி வரலன்னா? நீ செஞ்சதுதான் சரி.”

கவிப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு வேதாசலம் அங்கிருந்த வீரர்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவரை மீட்டவர்கள் எல்லோரும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆனாலும் யாரும் அவரைத் தடுக்கவில்லை.