பன்னிரண்டு வோல்ட்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் என் எலக்ட்ரானிக்ஸ் கடைக் கல்லாவுக்கு எதிரே கிடைத்தது. பால்சாமி என்கிற மில் ஃபிட்டர் ஒரு விஷயத்தைத் தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார். அதைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன். இது மூன்றாவது தடவை.

ஆரம்பம்: ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் காலை வெயில்… (வெயில் கிடக்கட்டும். வெயிலா செத்தது?)

இன்னொரு ஆரம்பம்: காளீஸ்வரிக்கு ஒரு விரல்தான் மிச்சம்.

இது போதும்.

2

காளீஸ்வரி, பால்சாமியின் மனைவி. தசை கரைகிற நோய். இரண்டே வருஷத்தில் கால், கை, கழுத்து எல்லாம் போய், வலது ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. பேச்சு குழறும், அவருக்குப் புரியும். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட இன்னொருத்தர்தான் ஓட்ட வேண்டும். வீடு ரத வீதியிலேயே இருந்தும் கட்டிலிலிருந்து பார்த்தால் சுவர்தான் தெரியும்.

"தேர் வருதன்னைக்கு உன்னைய வாசல்ல தூக்கி உக்கார வைக்கேன்ட்டி" என்றார்.

"வேண்டாம். ஊரே என்னையப் பாக்கும்."

அப்புறம், "நானாப் பாக்கணும்" என்றாளாம்.

அவர் யோசித்தார். ஜன்னலில் தெருவைக் காட்டுகிற மாதிரி ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. அதைத் திருப்ப ஒரு ஸ்டெப்பர் மோட்டார்.* அவள் விரலுக்கடியில் இரண்டு பட்டன்.

(* சாதாரண மோட்டார் சுற்றிக்கொண்டே போகும். ஸ்டெப்பர் அடியடியாக நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கும். அவள் தேரில் எதைப் பார்க்க நினைக்கிறாளோ, அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.)

3

கடைக்கு வந்தவர் மோட்டாரை கன்ட்ரோலர் போர்டிலேயே நேராக மாட்டப் பார்த்தார். "ஐயையோ அண்ணாச்சி, போர்டு செத்துரும்!" என்றேன். போர்டு ஏவ மட்டும்தான் செய்யும். நடுவில் டிரைவர் என்று ஒன்று வேண்டும், அது பன்னிரண்டு வோல்ட் அடாப்டரிலிருந்து வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும் என்றேன். போர்டுக்கும் டிரைவருக்கும் கிரவுண்டை, அதாவது மைனஸ் ஒயரை, சேர்த்துக் கட்டச் சொன்னேன். டிரைவரில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் திருகி, மோட்டார் தாங்குகிற அளவுக்குக் கரண்டை வைத்துக் கொடுத்தேன். புரோகிராமும் நானே ஏற்றினேன்.

[முதல் பிரதியில் இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: 'கரண்டு இருக்கையில மோட்டார் ஒயரைப் பிடுங்கிராதிய என்று எச்சரித்தேன்.' அடித்துவிட்டேன்.]

பால்சாமி மில்லில் முப்பது வருஷமாக நானூற்று நாற்பது வோல்ட்டோடு குடும்பம் நடத்தியவர். மோட்டாரைத் தொடுமுன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கட்டை பையில் இருக்கிற வரைக்கும் எவனும் தெரியாமல் சுவிட்சைப் போட்டு அவரைக் கொல்ல முடியாது. பன்னிரண்டு வோல்ட் அவருக்கு விளையாட்டுச் சாமான்.

"ஆளை அடிக்காத கரண்டுக்கு என்ன தாயி பயம்?" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

4

தேரன்று காலையில்தான் தெரிந்தது. ஜன்னலில் பொருத்தும்போது மோட்டாரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார். வலது பட்டனை அமுக்கினால் கண்ணாடி இடப்பக்கம் போகிறது. தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டாச்சு.

மில்லில் மோட்டார் திசைமாறி ஓடினால் இரண்டு ஒயரை மாற்றிப் போடுவார்கள். இதற்கும் அதே வைத்தியம்தான், அதில் தப்பில்லை. அடாப்டரை அணைக்காமல் செய்தார். ஸ்டெப்பர் சும்மா நிற்கும்போதும் அதைப் பிடித்து நிறுத்தக் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒயரை உருவியதும் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுருள் உதைத்த உதையில் டிரைவர் போனது. லேசாக ஒரு கருகல் வாடை, அவ்வளவுதான்.

"நான் கையால திருப்புதேன், நீ எங்கன நிறுத்தணும்னு சொல்லுட்டி!"

திருப்பினார். கண்ணாடியில் தேர் முழுசாகத் தெரிந்தது. காளீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். தேர் தாண்டிப் போகிற வரைக்கும் திறக்கவில்லை. விரல் மட்டும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்ததாம்.

(இங்கே 'அவள் அழுதாள்' என்று எழுதிப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.)

புரட்டாசியில் இறந்துபோனாள்.

5

ஐப்பசியில் பால்சாமி வந்து, கருகின டிரைவரைக் கல்லா மேல் வைத்தார்.

"மில்லுல எஞ்சினியர்ட்டக் காமிச்சேன் தாயி. கரண்டு இருக்கையில ஒயரை உருவுனா இப்படித்தான் ஆகும், கடையில சொல்லியிருப்பாங்களேன்னாரு. நீங்க அன்னைக்கு அம்புட்டும் சொன்னிய. இதையும் சொல்லியிருப்பிய. நாந்தான் காதுல வாங்கல, பாவி."

நான் சொல்லவில்லை. கடையில் அன்றைக்குக் கூட்டம். (கூட்டமெல்லாம் இல்லை. மறந்துபோனேன்.)

'நான் சொல்லலை அண்ணாச்சி' என்று நாக்கு நுனி வரை வந்தது. "விடுங்க அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். என்னமோ நான் அவரை மன்னிக்கிற மாதிரி.

6

முடிவு ஒன்று: போய்ச் சொல்கிறேன். அவர் என்னைத் திட்டித் தீர்க்கிறார். (திட்ட மாட்டார். அவரைத் தெரியும்.)

முடிவு இரண்டு: சொல்கிறேன். "போகட்டும் தாயி" என்கிறார். அதை என்னால் தாங்க முடியாது.

முடிவு மூன்று: ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, ரத வீதிக்குப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று

இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

அவர் கதை படிக்கிற ஆள் இல்லை, நீங்கள் படிக்கிறவர்கள். அந்தப் பக்கம் போனால் யாராவது அவரிடம் சொல்லுங்கள்: கடைக்காரி அதை உங்களிடம் சொல்லவே இல்லை, தப்பு உங்கள் மேல் இல்லை என்று. நான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.