ஒரு ஓட்டை அதிகம்

1

இந்தக் கதை எங்கள் குளியலறையில் பிறந்தது. ஒழுகிய குழாயைப் பார்க்க வந்த பிளம்பர் உள்கூரையில் கையளவு ஓட்டை போட்டார், குழாயைச் சரிசெய்தார், மூடாமல் போய்விட்டார். பல் தேய்க்கும்போதெல்லாம் அது என்னையே பார்க்கிறது. (ஓட்டை பார்க்குமா என்று கேட்காதீர்கள். தினமும் அண்ணாந்து பாருங்கள், தெரியும்.) அதை ஏன் ஒரு பாய்மரப் படகுக்குள் கொண்டுபோய் வைத்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. படகில் ஏறினாலே எனக்குக் குமட்டும்.

முதல் வரி இப்படி இருந்தது: அலைகள் தாலாட்டிய அந்தப் படகில் இரு உள்ளங்கள்...

ஐயோ, வேண்டாம்.

2

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாமனார், ஒரு மாப்பிள்ளை. மனைவி போய்ச்சேர்ந்தபிறகு மாமனார் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. அவருடைய பழைய படகு துறையில் கிடக்கிறது. ஒழுகலைச் சரிசெய்ததும் அங்கேயே குடிபோய்விடுவேன் என்று அறிவித்துவிட்டார்.

ஒழுகுவது மேல்தளத்து போல்ட்டுகள் வழியாக. அவற்றின் நட்டுகள் அறையின் உள்கூரைக்கு மேலே மறைந்திருக்கும். எட்ட வேண்டுமானால் கூரைப்பலகையை வட்டமாக அறுக்க வேண்டும். மாமனார் மேலே நின்று, போல்ட் இருக்கும் இடத்தைத் தட்டி, இடது வலது சொல்வார். மாப்பிள்ளை கீழே மல்லாந்து படுத்து அறுப்பார். வீட்டில் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டாத இருவரும் இங்கே நடுவில் ஒரு கூரை இருந்த தைரியத்தில் வாய் ஓயாமல் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. (ஏன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.)

3

நட்டுகளை மாற்றியாயிற்று. இனி ஓட்டைகளுக்கு வட்ட மூடி வைத்து ஸ்க்ரூ முடுக்கினால் வேலை முடிந்தது. அப்போதுதான் தெரிந்தது, ஒரு ஓட்டை அதிகம். அதற்கு மேலே போல்ட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. மேலே நின்றவர் தன் இடதைச் சொல்ல, மல்லாந்து படுத்திருந்தவர் தன் இடதை அறுத்திருப்பாரோ? அப்படியானால் யார் மேல் தப்பு? சோதித்துப் பார்க்க நானே சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே தட்டும்படி மனைவியைக் கேட்டேன். தட்டினாள். அது எந்தப் பக்கம் என்று எங்களுக்குள் சண்டை வந்ததுதான் மிச்சம். போகிற போக்கில் அவள் கேட்டாள்: "அந்த மாப்பிள்ளை வேணும்னே அறுத்திருந்தா?"

[அன்று முழுக்க எழுதவில்லை.]

வேண்டுமென்றேவா? வேலை இன்னும் ஒரு நாள் இழுக்கட்டும் என்றா? அவரை உண்டாக்கியவன் நான், எனக்கே தெரியவில்லை. மாமனாராவது கேட்டாரா? மாப்பிள்ளையைக் குறை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. காற்றோட்டத்துக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

4

அன்று காலையில் மகள் கணவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அப்பாகிட்ட நான் போகாதீங்கன்னு சொன்னா, பொண்ணு பாசத்துல சொல்றான்னு தட்டிக்கழிச்சிடுவார். இது உங்க வீடுன்னு நெனச்சுதான் போறார். நீங்கதான் சொல்லணும்."

தலையாட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு மூடிக்கும் சொல்ல வாயெடுத்தார். என் மரமண்டை மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூடிரைவரைத்தான் கேட்டார்.

முடிவு ஒன்று: சொல்கிறார், மாமனார் தேம்பி அழுகிறார். (அவர் அழுகிற ஆளில்லை.) முடிவு இரண்டு: சொல்லவில்லை. மாமனார் குடிபோகிறார், மழை பெய்கிறது, படகு ஒழுகவில்லை. இதை எழுதிய கையோடு கிழித்துவிட்டேன். முடிவு மூன்று: மாப்பிள்ளை இன்னொரு ஓட்டை அறுக்

இல்லை, அது கேலிக்கூத்து.

5

கடைசி மூடி, அந்த அதிகப்படி ஓட்டைக்கு. கீழே இறங்கி வந்த மாமனார் அதை இரண்டு கையாலும் கூரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். மாப்பிள்ளை நாலு ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து முடுக்குகிறார். வாயில் ஸ்க்ரூ இருக்கும்வரை பேச வேண்டியதில்லை. அவருக்கு அது சௌகரியம்.

"இதோட முடிஞ்சுது மாப்பிள்ளை," என்கிறார் மாமனார். "நாளைக்கே பெட்டியக் கொண்டு வந்துடறேன். உங்களுக்கும் எவ்வளவு நாள்தான் தொந்தரவு."

மாப்பிள்ளை நாலாவது ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுக்கிறார். முடுக்கவில்லை.

"மாமா," என்கிறார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. மூன்று ஸ்க்ரூ ஏறிய மூடி தானாகவே நிற்கும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. படகுக்காரருக்கு அது தெரியாதா? ஆனாலும் மாமனார் கையை எடுக்காமல் நிற்கிறார். பாவம், கை வலிக்கும். மிச்சத்தை நீங்கள் சொல்லிவிடுங்கள்.