ஒட்டாத உறை

ஆண், பெண் என்ற பிரிவே மனிதர் கட்டிய பொய் என்று சொல்வதற்காக லண்டனில் ஒரு சின்னப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கு மூன்று இதழ், கேட்டவருக்கெல்லாம் இலவசம். ஹெஸ்டர் எழுதுவாள், மியூரியல் பிழை திருத்துவாள். இதழை உறையிலிட்டு ஒட்டி அனுப்பும் வழக்கமே கிடையாது. ஒரு காகிதத்தைச் சுற்றிப் பெயரெழுதித் தபாலில் போடுவார்கள். ஒளிப்பதற்கு நாம் என்ன திருடினோமா என்பாள் ஹெஸ்டர்.

1926 வசந்தத்தில் லீட்ஸிலிருந்து ஆர்தர் பெண்ட்லி என்ற தச்சர் எழுதியிருந்தார். பெண்ணாகப் பிறந்தவர், பதினோரு வருடமாக ஆணாக, லில்லி என்ற மனைவியோடு வாழ்கிறவர். 'உங்கள் இதழைப் படித்து அழுதேன். தொடர்ந்து அனுப்புங்கள். ஒட்டிய உறையில் மட்டும்.'

ஹெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி! நாம வாயால சொல்றதை இந்த ஆளு வாழ்ந்தே காட்டிட்டாரு!" புது இதழின் முதல் பக்க ஓரத்தில் எழுதினாள்: 'பதினோரு வருடம் ஆணாக வாழ்ந்து காட்டிய உங்களுக்கு, வணக்கத்துடன்.'

"ஒட்டி அனுப்புடி. அவரே கேட்டிருக்காரே," என்றாள் மியூரியல்.

"அப்போ நாமளே வெட்கப்படுறோம்னு ஆகாதா?"

"உனக்கென்ன, அப்பா விட்டுட்டுப் போன வீடு. அவங்க இருக்கிறது வாடகை அறை."

"போடி, பயந்தாங்கொள்ளி!"

கொள்கைக்கென்ன, அதுவா வாடகை கொடுக்கிறது? இதழ் திறந்தபடியே போனது.

ஜூன் மாதம் லில்லி வந்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அவர் எழுதின கடுதாசியத் திருப்பிக் குடுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"நீங்க திறந்தபடி அனுப்பின இதழ, ஓரத்துல எழுதினதோட, வீட்டுக்காரம்மா படிச்சா. மத்தியானத்துக்குள்ள பட்டறை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கூட வேலை செய்தவர்களே ஆர்தரைப் பிடித்துச் சட்டையைக் கிழித்துப் பார்த்தார்களாம். வேலையும் போயிற்று, அறையும் போயிற்று.

"இப்போ யார்கூடவும் பேசுறதில்லை. என்கூடவும்தான்."

ஒட்டிய உறை ஒன்றுதானே கேட்டார் அந்த மனுஷர், அதைக்கூடச் செய்யவில்லையே நான் என்று ஹெஸ்டர் வெந்துபோனாள். "நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா..."

"நீங்க ஆண், பெண்ணுங்கற கோடே இல்லேன்னு எழுதுறீங்க. நாங்க அந்தக் கோட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுதான் ரொட்டி தின்னோம்."

மியூரியல் கடிதத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். லில்லி அதை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஹெஸ்டர் அவசரமாகப் பேனாவை எடுத்தாள். "வேலைக்கு நான் சொல்றேன். தங்க இடம் பாத்துத் தர்றேன். இப்போ எங்கே இருக்கீங்க? விலாசம் மட்டும் சொல்லுங்கம்மா."

லில்லி பையை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உங்ககிட்டயா?" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.