விளக்கு அணைந்த வேன்

தன் பட்டறையில் பள்ளி வேன் நின்றுவிட்டுப் போன இடத்தில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்ததை மெக்கானிக் சத்யராஜ் அப்போதுதான் பார்த்தான். குனிந்து தொட்டான். குங்குமம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து அன்றுதான் பள்ளி திறந்திருந்தது. இன்ஜினில் அப்பியிருந்த பூஜைக் குங்குமத்தையெல்லாம் டிரைவர் பூவராகவன் காலையில் பம்பு வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார். அதனால்தான் அவர் காட்ட வந்த இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஸ்கேனரைச் சொருகியதும், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரில் கோளாறு என்று வந்தது. பிள்ளைகளை ஏற்ற நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தினார். அந்த சென்சாரின் ஒயர் இணைப்பைக் கழற்றிப் பார்க்காமல், ஸ்கேனரில் கோளாறுப் பதிவை மட்டும் அழித்து, விளக்கை அணைத்து அனுப்பிவிட்டான் பாவி.

இணைப்புக்குள் தண்ணீர் நின்றால், ஓடுகிற வண்டியின் இன்ஜின் எந்த நொடியும் அணையும். அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்கும் இரண்டு மிதிக்குமேல் தாங்காது.

உடனே அவருக்குப் போன் போட்டான்.

"சொல்லுப்பா," என்றார் பூவராகவன். பின்னால் இன்ஜின் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"ரயில்வே கேட்டாண்ட ஏறிக்கினு இருக்கேன். லைட்டு எரியல, வண்டி நல்லாப் போவுது."

"தாண்டாதீங்கண்ணே. ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க."

இன்ஜின் சத்தம் நின்றது. சத்யராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆஃப் பண்ணிட்டீங்களாண்ணே?"

பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் மெல்ல வந்தது.

"தண்டவாளத்து மேல நிக்குது. நான் சாவியத் தொடவேயில்லப்பா."