கடைசிச் சரணத்தைக் கூப்பிட ஆளில்லை

ஹாரன் சத்தத்தில் டொகுடாவின் கையிலிருந்த மண்வெட்டி நழுவி அவன் காலிலேயே விழுந்தது.

விருந்துக்காகச் சுட்ட பன்றியைக் குழியிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். ஈரச் சாக்கை விலக்கி, வெந்த வாழையிலைகளை நீக்கியதும் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை பிக்கப் வண்டி, விடாமல் ஹாரன் அடித்தபடி கேட்டைத் தாண்டிப் புல்தரையில் ஏறி, நாற்காலி வரிசைக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. கோழிகள் சிதறி ஓடின. வண்டியின் பின்புறம் பெட்டிகள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

"அண்ணிடா," என்றான் டொகுடா, காலைப் பிடித்துக்கொண்டு.

ஷார்லீன்தான். என்னோடும் டொகுடாவோடும் உக்குலேலே என்ற சின்னக் கிதாரை வாசிக்கும் பிலிப்போவின் மனைவி. தன் மகளுக்கு நடக்கும் கண்ணீர் விருந்துக்கு வரவே மாட்டேன் என்று சொல்லியிருந்தவள்.

ஹவாய்த் தீவில், இந்த வைமானாலோவில் எங்கள் ஆட்கள் இன்னும் இதை விடவில்லை. ஒருவர் இறந்து வருடம் திரும்பியதும் ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பாடி, ஆடி, அன்றோடு துக்கத்தை முடித்துக்கொள்வது. நோஹேயா இறந்து வருடம் திரும்பியிருந்தது. மக்காபூ வளைவில் கார் உருண்டு, ஹொனலுலு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. இந்தக் கரையில் அவளைப் போல ஹூலா ஆட ஆள் கிடையாது. ஆட்டம் சொல்லிக் கொடுத்ததே ஷார்லீன்தான்.

மகள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சே நின்றுபோனது. என்ன சண்டை என்று எங்களுக்குத் தெரியாது. பிலிப்போ உக்குலேலேயைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ஷார்லீன் வையானேயில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். விருந்துக்கு மறுநாள் காலை விமானத்தில் லாஸ் வேகாஸுக்கு, தங்கையிடம், ஒரேயடியாகக் கிளம்புகிறாள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. வாடகையும் வேலையும் ஆளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால்தான் பிலிப்போ இந்த விருந்தை நம்பியிருந்தான். காலையில் குழியில் கல்லை அடுக்கும்போது என்னிடம் சொன்னான்.

"கிளிஃப், அவ ஏறிட்டா அவ்வளவுதான். நானும் மூணு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

"'பேச வேண்டியதை நீ இன்னும் பேசல'ங்கறா. கதவைச் சாத்திடறா."

"என்ன பேசணுமாம்?"

அவன் குனிந்தான். கல்லை எடுத்து வைத்தான்.

வண்டியிலிருந்து இறங்கிய ஷார்லீனை நோக்கி, பிலிப்போவின் அக்கா வெர்னா கையில் கரண்டியோடு ஓடினாள். வெர்னா கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே குரலில் அதட்டுகிறவள்.

"வாடி வா! புல்லை எல்லாம் உழுதுட்டியே, சேம்பு நடப் போறியா? உக்காரு. முதல் தட்டு உனக்குத்தான்."

"நான் சாப்பிட வரல, அண்ணி. நோஹேயாவோட ஆட்டப் பாவாடையை எடுக்க வந்தேன். வழியில நாற்காலியைப் போட்டா ஹாரன் அடிக்காம என்ன பண்றது?"

"நாளைக்குப் போற ஃப்ளைட்டுக்கு இன்னிக்கே வயித்தைக் காயப்போடணுமா? சூட்கேஸுக்கு எடையை விட்டுக்கொடுத்து மெலியறியாக்கும்?"

ஷார்லீன் சிரிக்கவில்லை. பிலிப்போ நின்ற பக்கம் பார்க்கவும் இல்லை. நேராகப் படியேறி வீட்டுக்குள் போனாள்.

அவன் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவள் பின்னால் போவான் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. மாமரத்தடியில் எங்கள் இசைக்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் நடுவில் உட்கார்ந்தான். காலடியிலிருந்த பெட்டியைத் திறந்தான். கோவா என்கிற எங்கள் தீவு மரத்தில் செய்த அந்த உக்குலேலே வெயிலில் தேன் நிறத்தில் மின்னியது.

"ஒரு வருஷம் ஆச்சு. தந்தி துருப்பிடிச்சிருக்குமே?" என்றான் டொகுடா, பெரிய பாஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்தபடி.

"நைலான்டா மண்டு. எங்கடா துருப்பிடிக்கும்?"

"நான் உன் விரலைச் சொன்னேன்."

பிலிப்போ லேசாகச் சிரித்தான். சுருதி சேர்த்தான். நான் கிதாரை எடுத்தேன். ஏதாவது லேசான பாட்டு, எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதிரி தொடங்குவான் என்று நினைத்தேன். போன வருடம் வரை அப்படித்தான். திருவிழா மேடையில் யார் எவ்வளவு வேகமாக வாசித்தார்கள், எந்தப் பொடியன் உக்குலேலேயை முதுகுக்குப் பின்னால் வைத்து வாசித்துக் கைதட்டு வாங்கினான் என்றெல்லாம் திட்டிக்கொண்டேதான் தொடங்குவான். "சர்க்கஸுக்குப் போகச் சொல்லு" என்பான்.

ஆனால் அவன் எடுத்தது நோஹேயாவின் பாட்டை.

அவள் பிறந்தபோது அவனே கட்டிய பாட்டு அது. அவள் பெயருக்கென்று கட்டியது. அவள் ஆடும்போது தவிர வேறு எப்போதும் வாசித்ததில்லை. பாட்டுக்கு முன்னால் மூன்று ஸ்வரக் கூட்டுகளில் சுழலும் ஒரு சின்னச் சுற்று. அதை வாசித்துக்கொண்டே இருப்போம். ஆடுகிறவள் நின்று, மூச்சு வாங்கி, சரணத்தின் முதல் வார்த்தைகளை உரக்கக் கூப்பிடுவாள். அப்போதுதான் பாட வேண்டும். சரணம் முடிந்ததும் மறுபடி சுற்று, மறுபடி கூப்பிடுதல். கடைசியில் அவள் "ஹாயினா!" என்பாள். சொல்லியாயிற்று, இத்தோடு முடிந்தது என்று அர்த்தம். கடைசிச் சரணத்தைப் பாடி நிறுத்துவோம். ஆடுகிறவள் கூப்பிடாமல் வாசிக்கிறவன் முடிக்கக் கூடாது. அது அவ்வளவு மரியாதைக் குறைவு.

சுற்று ஒருமுறை வந்தது. இன்னொரு முறை வந்தது. கூப்பிட யாருமில்லை.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் தலையைத் திருப்பினார்கள். வெர்னா தூரத்திலிருந்து கழுத்தில் விரலை இழுத்து, நிறுத்து என்று சைகை காட்டினாள்.

"பிலிப்போ, வேற எடுக்கலாம்டா," என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. சுற்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

கதவு திறந்தது. ஷார்லீன் படியில் நின்றாள். கையில் மடித்த சிவப்புப் பாவாடை. முகம் வெளுத்திருந்தது. இறங்கி நேராக வந்து உக்குலேலேயைப் பிடுங்கி எறியப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மலையை விட்டு இறங்கும் மழை!" என்று கூப்பிட்டாள்.

முதல் சரணம். எங்கள் மூவரில் டொகுடாதான் முதலில் பாடத் தொடங்கினான். ஷார்லீன் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். பாவாடை தோளில் கிடந்தது. கைகள் மழையாக இறங்கின. ஐம்பது வயதுக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகள் அந்த இடத்தில் தோளைத் திருப்புவாளே, அதே திருப்பல்.

இரண்டாவது சரணத்தைக் கூப்பிட்டாள், மணலைப் பற்றியது. மூன்றாவது, சவுக்குத் தோப்பில் வீசும் காற்று. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். வெர்னா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை ஏப்ரனால் பொத்திக்கொண்டாள். துக்கம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. இனி ஹாயினாதான்.

சுற்று வந்தது. ஷார்லீன் மூச்சு வாங்கினாள்.

"மலையை விட்டு இறங்கும் மழை!"

டொகுடா என்னைப் பார்த்தான். அவள் மறந்துவிட்டாளோ? என்றாலும் கூப்பிட்டால் பாட வேண்டும். பாடினோம். மறுபடி மழை, மணல், காற்று. மறுபடி முடிவுக்கு வந்தோம். மறுபடி அவள் முதல் சரணத்தையே கூப்பிட்டாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. மறதி இல்லை. பாட்டு முடிந்தால் மகளும் முடிந்தாள். ஷார்லீன் முடிக்க மாட்டாள்.

"எத்தனை நேரம்டா?" என்று டொகுடா பல்லுக்கிடையில் கேட்டான்.

"அவங்க கூப்பிடற வரைக்கும்."

"கூப்பிடலைன்னா?"

நான் திரும்பி, பிலிப்போவின் இடது கையைப் பார்த்தேன். வருடக் கணக்கில் காய்த்துப்போயிருந்த விரல் நுனிகள் இந்த ஒரு வருடத்தில் மிருதுவாகிவிட்டிருந்தன. நடுவிரலில் தோல் உரிந்து, தந்திக்குக் கீழே மரத்தில் ரத்தம் தீற்றியிருந்தது.

"டேய், கை. கொஞ்சம் விடு, நான் கிதார்லயே ஓட்டறேன்."

"அவ நிக்கலையே," என்றான்.

மூன்றாவது முறையும் காற்றுக்கு வந்தோம். சரணம் முடிந்தது. இந்த முறை ஷார்லீன் எதையும் கூப்பிடவில்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். நாங்கள் சுற்றிச் சுற்றி வாசித்தோம். மலைப்பக்கமிருந்து தூறல் தொடங்கியது. சாப்பிட வந்தவர்கள் யாரும் கூடாரத்துக்குள் ஓடவில்லை.

வெர்னா பிலிப்போவின் பின்னால் வந்து குனிந்தாள்.

"தம்பி, நான் கூப்பிட்டு முடிச்சிடட்டுமா? அவளால முடியாதுடா. பாவம்டா அவ."

"வேண்டாம்க்கா. அவதான் ஆடறா. அவதான் சொல்லணும்."

அது ஷார்லீனின் காதில் விழுந்தது. ஈரப் புல்லில் நடந்து வந்தாள். அவன் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் முதல் முறையாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். பாவாடையைத் தோளிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் விரல்கள் நிற்கவில்லை. கன்னத்தில் ஓடியது தூறலா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஷார்லீன், ஹாயினாவைக் கூப்பிடு," என்றான். "போதும். நீ கூப்பிட்டாத்தான் என்னால நிறுத்த முடியும்."

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்ததால்தான் எனக்குக் கேட்டது.

"மூச்சு மெஷினை நிறுத்தலாமான்னு டாக்டர் கேட்டப்ப நீ எழுந்து வெளிய போயிட்ட, பிலிப்போ. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நான் ஒருத்தியாத்தான் சரின்னு சொன்னேன். இன்னிக்காவது ஹாயினாவை நீ சொல்லு."