ஆயிரத்து முந்நூற்று நாற்பதுக்கும் நானே உரிமையாளன்

வெள்ளிக்கிழமை மாலை நான் ஆயிரத்து முந்நூற்று நாற்பது மென்பொருள் தொகுப்புகளுக்கு உரிமையாளன் ஆனேன். அதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

பிழைப்புக்கு நான் நில அளவையாளன். யார் வேலி யார் மனைக்குள் நிற்கிறது என்று அளந்து சொல்பவன். ஓய்வு நேரத்தில், சம்பளம் வாங்காத ஏழு பேரில் ஒருவனாக ஒரு மென்பொருள் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தான் எழுதிய மென்பொருளை யாரும் அங்கே வைக்கலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வைத்தவர் மட்டுமே அதைத் திருத்தலாம். எது யாருடையது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு.

களஞ்சியத்தைப் புதுக் கணினிக்கு மாற்றினோம். சோதித்துப் பார்க்க, எல்லாவற்றுக்கும் என் பெயரையே போட்டு ஒரு பொய்ப் பட்டியல் வைத்திருந்தேன். அதைத் தூக்கி அசலின் மேல் ஏற்றிவிட்டேன். தானாக நகல் எடுக்கும் ஏற்பாடு ஒரு மணி நேரம் கழித்து வந்து, என் முட்டாள்தனத்தைச் சிரத்தையாக நகலெடுத்து, பழைய நல்ல நகலை அழித்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை ஒரே தொகுப்பைத் தன்னுடையது என்று இரண்டு பேர் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு விதி எழுதினேன்: உரிமை கேட்பவர், களஞ்சியம் முன்பு அவரை உரிமையாளராகக் குறிப்பிட்டு வேறொருவருக்கு அனுப்பிய கடிதத்தைச் சாட்சியாகக் காட்ட வேண்டும், உறவினர் சாட்சி செல்லாது. ஏழு பேரும் ஒப்புக்கொண்டோம். களஞ்சியத்தின் சாவிகளெல்லாம் கையில் இருப்பதால் நாங்கள் பூட்டக்கா என்று அழைக்கும் பெண்மணி, இனி பட்டியலில் தன் கை மட்டுமே படும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை என் மனைவி மடிக்கணினியை என் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். அவள் கணக்கு டீச்சர். வகுப்புகளுக்குக் கால அட்டவணை போடும் மென்பொருள் ஒன்றை எழுதிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறாள். இருநூறு பள்ளிகள் அதை நம்பியிருக்கின்றன.

"என் ப்ரோக்ராமுக்குள்ள என்னையே விட மாட்டேங்குது. உரிமையாளர்னு உங்க பேரு நிக்குது."

"சின்னக் கோளாறு."

"நேத்துதான் ஒரு பிழையைப் பிடிச்சுத் திருத்தினேன். ஒரே ஆளை ஒரே நேரத்துல ரெண்டு வகுப்புக்கு அனுப்புது. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. இன்னைக்கே ஏத்தணும். என் பேருக்கு மாத்திக் குடுங்க."

"அதுக்கு ஒரு விதி இருக்கு."

"யாரு போட்டது?"

நான் தோசைக்கரண்டியைப் பார்த்தேன்.

"சரிதான்," என்றாள். "நாளைக்கு இருநூறு ஸ்கூல்ல ஒரு வகுப்பு ஆளில்லாம கூரையைப் பிய்ச்சு எறியும். பழி என் தலையில. பதினோரு வருஷமா யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்காம பார்த்துக்கிட்டேன்." சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாட்சிக் கடிதம் என்னிடம் ஒன்று இருந்தது. காலையிலிருந்தே அது நினைவில்தான் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுத்தால் என் மானம் கப்பலேறிவிடும். அவள்தான் எனக்கு முதலில் எழுதினாள் என்று இரண்டு குடும்பத்தாரிடமும் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன். "நீங்கதான் எழுதினீங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "ஆதாரம் காட்டு" என்பேன். அவளுடைய பழைய மின்னஞ்சல் கணக்கு மூடிப்போனது எனக்குத் தெரியும்.

பூட்டக்காவைக் காணொளியில் அழைத்து, கடிதத்தைத் திரையில் போட்டேன். அவர் சத்தமாகவே படித்தார்.

"இதை எழுதியவர் யாரோ தெரியாது. தூங்கிக்கொண்டே எழுதினார் என்பது மட்டும் தெரிகிறது. என் ஆள் ஒருவனை ஒரே நேரத்தில் இரண்டு மனைகளை அளக்க அனுப்புகிறது."

அவள் மென்பொருளை என் அளவை ஆட்களுக்கு வேலை பிரிக்கப் பயன்படுத்திய காலத்தில் நான் அனுப்பிய புகார் அது. அதன் கீழே களஞ்சியத்தின் பதில்: புகார் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது. பக்கத்தில் என் மனைவியின் பெயர், தேதி.

பின்னால் நின்றவள் என் தோளில் ஒரு குத்து விட்டாள். "பத்து வருஷம்! எங்க அம்மாகிட்டகூட!"

"இருங்க," என்றார் பூட்டக்கா. "புருஷன் சாட்சி செல்லாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அந்தத் தேதியில நான் இவளுக்கு யாருமே இல்லக்கா."

அவர் கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். "இப்படி எழுதின ஆளை உறவுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. செல்லும்."

பத்து நிமிடத்தில் தொகுப்பு அவள் பெயருக்குத் திரும்பியது. என்னிடம் ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பது மிச்சம்.

ஆனால் அவள் உடனே எதையும் ஏற்றவில்லை. என் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஆளு, ஒரே நேரத்துல ரெண்டு இடம்," என்றாள் மெதுவாக. "இது நேத்து நான் பிடிச்ச அதே பிழைங்க. அன்னைக்கே சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

அன்றைக்கு அவள் எனக்கு எழுதிய பதில் இரண்டே வரி. கோளாறு மென்பொருளில் இல்லை. உங்கள் பட்டியலைச் சரிபாருங்கள். அதை நம்பி, தப்பு என்னுடையதுதான் என்று இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்கு அவள் எழுத, நான் எழுத, கல்யாணத்தில் வந்து நின்றது.

மாலை நான்கு மணிக்குத் திருத்தத்தை ஏற்றினாள். கூடவே ஒரு குறிப்பு: "பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்த புகார் இன்று சரிசெய்யப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறேன்."

மடிக்கணினியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்போ கேட்டீங்களே ஒரு மன்னிப்பு, ரெண்டு பக்கத்துக்கு. தப்பு என்னோடதுதானே, அதைத் திருப்பிக் குடுத்துடவா?"

"வேணாம்," என்றேன். "அது உன் பேர்லயே இருக்கட்டும்."